அவருக்குச் சொல்ல வேண்டாம்

சாவு மேளம் கேட்டால் எங்கள் தெருவில் முதலில் திறப்பது எதிர்வீட்டுக் கதவுதான். லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு, தோளில் ஒரு வெள்ளைத் துண்டோடு அவர் வெளியே வருவார். "யாரு?" என்பார். ஆளைச் சொன்னால் போதும், செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். "மூஞ்சிய காட்டிட்டு வந்துடறேன்" என்று வீட்டுக்குள் பார்த்து ஒரு குரல். மூஞ்சியைக் காட்டப் போனவர், சுடுகாட்டிலிருந்து எல்லோரும் திரும்பிய பிறகுதான் வருவார்.

பஸ் கண்டக்டராக இருந்தவர். நான் திருக்கழுக்குன்றத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதே அவர் ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஊரில் அவருக்குப் பெயர் கண்டக்டர்தான்; நான் மட்டும் பெரியப்பா என்பேன். செங்கல்பட்டிலிருந்து எங்கள் ஊர் வழியாக மாமல்லபுரம் போகும் வண்டியில் அவருக்கு ஜோடி கோவளத்து பாய். பாய் டிரைவர், இவர் கண்டக்டர். வழியில் எந்த வீட்டு வாசலிலாவது பந்தல் போட்டு ஆம்பளைகள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தால், யாரும் கேட்காமலே பாய் வண்டியை ஓரம் கட்டுவாராம். இவர் தோள்பையைக் கழற்றி பாய் மடியில் வைத்துவிட்டு இறங்கி ஓடி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடி வருவாராம். பயணி ஒருவர் டிப்போவுக்கு எழுதிப் போட்டதில் மெமோ வந்தது.

"அந்த ஆளு எத்தினியோ வருசமா என் வண்டியில ஏறுனவன். இன்னிக்கு அவனால ஏற முடியல, அதான் நா எறங்குனேன். இதுல இன்னா தப்புன்னு கேட்டேன் பாப்பா. அந்த ஆபீசருக்குப் பதில் வர்ல" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஒருமுறை எங்கள் பஸ் ஸ்டாண்டில் பூ விற்றுக்கொண்டிருந்த வயதான பெண் கூடைக்குப் பக்கத்திலேயே இறந்து கிடந்தாள். சொந்தம் என்று யாரும் இல்லை. வண்டி வந்து எடுத்துப் போகும்வரை அவர் அந்த அம்மாள் முகத்தில் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். டூட்டி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிய நான் பார்த்துவிட்டுக் கேட்டேன், "செத்தவங்களுக்கு வெயில் தெரியுமா பெரியப்பா?"

"தெரியாதுன்னு உனக்கு எவன் சொன்னான்?" என்றார்.

எனக்கு அவர் செய்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஒருநாள் பைக்கில் மதுராந்தகம் போனார். கருங்குழிக்குப் பக்கத்தில் ஒரு லாரி இடித்துவிட்டது. எனக்கு வந்த போன்களில் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினார்கள். சின்ன அடிதான், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், பயப்படாதே. நான் நர்ஸ். செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. நானே இப்படி எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு நம்பினேன். பையில் துண்டும் பிளாஸ்கும் மாற்றுத்துணியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் தெருவைக் கடந்து வந்து வாசற்படியில் நின்றார்.

"பாப்பா, பைய கீழ வை. உம் புருசன் போயிட்டான். உங்கிட்ட சொல்ல அவங்களுக்கு தைரியம் இல்ல. கொண்டாந்துகினு கீறாங்க."

நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் அசையவில்லை. நான் திட்டி முடிக்கும்வரை நின்றார். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் என் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, மடியில் உட்கார வைத்து, என் வாயால் நானே சொல்ல முடிந்தது. அந்த நேரம் எனக்குக் கிடைத்தது அவரால்தான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு எண்பத்தைந்து வயது தாண்டியபோது, மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பம் ஒன்றில் ஒரு சாவு. மீன்பிடிப் படகில் வேலை பார்த்த ஒருவர். சித்திரை வெயில். எல்லோரோடும் மணலில் நடந்துபோனவர் பாதியில் சுருண்டு விழுந்துவிட்டார். பிணத்துக்குப் பின்னால் வந்த மீனவப் பிள்ளைகளே அவரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செங்கல்பட்டில் சேர்த்தபோது பிரஷர் இருநூறைத் தாண்டியிருந்தது. "இந்த வயசுல அலைச்சல், அதிர்ச்சி எதுவும் கூடாது. மனசை அமைதியா வச்சுக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர் மகன் குமரேசன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறைமலை நகர் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அப்பா என்றால் உயிர். வீட்டுக்கு வந்த அன்றே தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். "நைனாகிட்ட சாவு சேதி எதுவும் சொல்லாதீங்க. பிரஷர் ஏறிடும்." எங்கள் தெருமுனைச் சுவரில்தான் ஊரில் இறந்தவர்களின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் ஒட்டுவார்கள். குமரேசன் நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வரும்போதே அதைக் கிழித்துச் சுருட்டிச் சாக்கடை ஓரம் போட்டுவிடுவார். பேப்பரில் இரங்கல் விளம்பரம் இருந்தால் அந்தத் தாள் அவர் கைக்குப் போகாது. மேளம் கேட்டால் மருமகள் செல்வி டிவியைச் சத்தமாக வைப்பாள். தெருப்பக்கம் இருந்த அவர் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றினார்கள். காற்று நன்றாக வரும் என்று காரணம் சொன்னார்கள்.

நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் போய் அவருக்குப் பிரஷர் பார்ப்பேன். கையில் பட்டையைச் சுற்றும்போதே கேட்பார்.

"யாரு பாப்பா?"

"யாரும் இல்ல பெரியப்பா."

அவர் முதுகுக்குப் பின்னால் செல்வி நின்றுகொண்டு எனக்குத் தலையாட்டிக் காட்டுவாள். இத்தனைக்கும் அந்த வாரம் எங்கள் பக்கத்துத் தெருவிலேயே இரண்டு சாவு நடந்திருக்கும். சில மாதம் இப்படியே போனது. ஒருநாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"ஊர்ல இப்பல்லாம் யாரும் சாவறதே இல்லியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். செல்வியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கடுத்த வாரத்திலிருந்து அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

தினமும் ஷேவ் செய்துகொள்கிறவர் தாடியோடு உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே வைத்துவிட்டு, மண்ணு மாதிரி இருக்கிறது என்றார். இருட்டு பிரிவதற்கு முன்பே எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பதாக செல்வி சொன்னாள். ஆனால் அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

"இப்பதான் மாலதி, மனுஷன் அடங்கி வூட்ல கீறாரு. முன்னல்லாம் எங்க வுழுந்து கெடக்கறாரோன்னு வயித்துல நெருப்பக் கட்டிகினு இருப்பேன்."

எனக்குத்தான் வயிற்றில் நெருப்பு இருந்தது. பிரஷர் ஒருநாள் ஏறியது, ஒருநாள் நார்மலாக இருந்தது. அது என்னைப் பயமுறுத்தவில்லை. எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்காததுதான் பயமாக இருந்தது. கையை நீட்டுவார். நான் பார்த்து முடித்ததும் மடக்கிக்கொள்வார். அந்தக் கை வேறு யாருடையதோ என்பதுபோல.

ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு குமரேசன் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"கோவளத்து பாய் தவறிட்டாரும்மா. நா போயிட்டுதான் வரேன். நைனாகிட்ட ஓவர்டைம்னு சொல்லிகீறேன். நீயும் வாயத் தொறந்துடாத."

"அண்ணா, பாயோட சாவுக்குமா?"

"பாயிங்கறதாலதான் சொல்றேன். இத அவரு தாங்க மாட்டாரு."

பாயும் அவரும் வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசிக்கொள்கிறவர்கள். காது கேட்காத இரண்டு கிழவர்கள் கத்திப் பேசுவது தெரு முழுக்கக் கேட்கும். அந்த வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டபோது சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. பாய் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், அங்கே டவர் கிடைக்காது என்று குமரேசன் சொன்னார். "சரி" என்றார் அவர். மறுபடி கூப்பிடவே இல்லை.

ரம்ஜான் வந்தது. வருஷாவருஷம் அன்றைக்குக் கோவளத்திலிருந்து ஒரு தூக்கு நிறைய பிரியாணி பஸ்ஸிலேயே வந்துவிடும். பாய் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். அந்த ரம்ஜானுக்கு அவர் காலையிலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தார். செல்வி சாப்பிடக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்றார். மத்தியானம் போனது. நான் வேலை முடிந்து திரும்பியபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எழுந்து, நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பிரஷர் இறங்கவே இல்லை. குமரேசன் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனார். மாத்திரையைக் கூட்டினார்கள். இன்னும் ஏறியது. இன்னொன்று சேர்த்தார்கள். எனக்குப் புரியவில்லை. இத்தனை மாத்திரைக்கும் அசையாத பிரஷரா?

ஒருநாள் காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விட்டேன். செல்வி மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள். அவர் ஜன்னல் பக்கம் குனிந்து வாயிலிருந்ததை வெளியே துப்பினார். நிமிர்ந்தபோது நான் நிற்பதைப் பார்த்தார்.

"இன்னா பெரியப்பா இது?"

"கத்தாத."

"எத்தினி நாளா நடக்குது?"

"நோம்பு முடிஞ்சதுலேர்ந்து."

"பிரஷர் எவ்ளோ கீது தெரியுமா உங்களுக்கு? ஒரு பக்கம் இழுத்துகிச்சின்னா இன்னா பண்ணுவீங்க?"

"இழுத்துகினா இழுத்துகினு போவட்டும். நீ ஒக்காரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செத்தவன்கிட்டதான் பாப்பா யாரும் எந்த சேதியும் சொல்ல மாட்டாங்க. எங்கிட்டயும் யாரும் எதுவும் சொல்றதில்ல. அப்ப நா இன்னாத்துக்கு மாத்தர போடணும்?"

நான் பட்டையை அவர் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"பாய் போயிட்டான் இல்ல?"

மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. சொன்னால் அந்த நிமிஷமே மூளையில் ஏதாவது வெடித்துவிடுமோ என்று இருந்தது. இல்லை என்று சொல்லவும் நாக்கு புரளவில்லை. எல்லோரும் பொய் சொன்ன அந்த நாளில் எனக்குப் பொய் சொல்லாதவர் அவர். டப்பாவிலிருந்து அன்றைக்கான மாத்திரைகளை மறுபடி எடுத்து நீட்டினேன்.

"சாயங்காலம் வந்து பேசறேன் பெரியப்பா. இப்ப இத முழுங்குங்க. எனக்காக."

என் முகத்தையே பார்த்தார். "இல்லன்னு நீ சொல்லல" என்றார். பிறகு கையை நீட்டி மாத்திரைகளை வாங்கி, ஒவ்வொன்றாக, நான் பார்க்கும்படி விழுங்கினார்.

ஸ்கூட்டரில் செங்கல்பட்டு போகும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. எங்கள் மருத்துவமனையில் முதியவர்களைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். ஓ.பி. தொடங்குவதற்கு முன் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாடு, தூக்கம், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது, மாத்திரையைத் துப்பியது.

"இது டிப்ரஷன் சிஸ்டர். இவ்வளவு வயசானவங்க அழ மாட்டாங்க, புலம்ப மாட்டாங்க. சும்மா உட்கார்ந்திருப்பாங்க. வீட்டுல இருக்கறவங்க அமைதியா இருக்காருன்னு நினைச்சுக்குவாங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க." பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொண்ணு. துப்புறார்னு தெரியாம டோஸை ஏத்திட்டே போயிருக்காங்க. அதை நாம குறைக்கணும். இப்ப திடீர்னு அத்தனையும் ஒரே நேரத்துல உள்ள போச்சுன்னா பிரஷர் சரிஞ்சு, எழுந்து நின்ன இடத்துல விழுந்துடுவாரு."

அத்தனையும் காலையில் உள்ளே போயிருந்தது. நான் நின்று பார்த்திருந்தேன்.

வெளியே ஓடி வந்து செல்விக்குப் போன் போட்டேன். "அக்கா, பெரியப்பாவப் படுக்க வைங்க. எழுந்திருக்க வுடாதீங்க."

"அவரு வூட்ல இல்லியே மாலதி. ஷேவிங் பண்ணிகினு வரேன்னு போனாரு. எத்தினி நாளுக்கப்பறம் அவரே கேட்டாரேன்னு நானும் சந்தோசமா அனுப்பிச்சேன்." பிறகு, "போய் ரொம்ப நேரமாச்சி" என்றாள்.

சலூனில் விசாரிக்கச் சொன்னேன். ஷேவ் செய்துகொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனார் என்று சலூன்காரர் சொன்னாராம். அதற்கு மேல் யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. குமரேசனுக்குப் போன் செய்து, "கோவளத்துக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் வேகத்தைக் குறைத்து, நிழற்குடைக்குள் பார்த்தேன். வெள்ளை வேட்டி தெரிந்த இடத்திலெல்லாம் பிரேக் பிடித்தேன். பூஞ்சேரியில் சாலையோரம் ஒரு கும்பல் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கவிழ்ந்த ஒரு தள்ளுவண்டி. தர்பூசணி சிதறிக் கிடந்தது. அழுகையும் நன்றியும் ஒன்றாக வந்தன. மறுபடி ஸ்கூட்டரில் ஏறினேன். கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்று. அவர் மாமல்லபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாறியிருக்க வேண்டும். அந்த வெயிலில், அந்தப் படிகளில், அந்த மாத்திரைகளோடு.

கோவளத்தில் பாயின் வீட்டுச் சந்து எனக்குத் தெரியும். வாசலில் அவர் செருப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழுவழுவென்று ஷேவ் செய்த முகம். தோளில் வெள்ளைத் துண்டு. பாயின் மகள் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். பாயின் மனைவி, கணவன் இறந்தபின் அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது.

"கடைசி நாளெல்லாம் நெனவு தப்பித் தப்பி வந்துச்சிண்ணே. முழிச்சா ஒங்களத்தான் கேப்பாரு. 'கண்டக்டர் ஏறிட்டானா, வண்டிய எடுக்கலாமா'ன்னு கேட்டுகினே கெடந்தாரு. ஒங்க வூட்டுக்கு நாங்க போன் பண்ணோம்ண்ணே. ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போவச் சொல்லி. ஒங்க ஒடம்புக்கு ஆவாதுன்னு ஒங்க பையன் வேணான்னுட்டாரு."

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். குமரேசன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கம்பெனிச் சட்டைகூட மாற்றவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

பெரியப்பா அவரைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். நான் ஒரு தோளைப் பிடித்தேன், குமரேசன் ஹெல்மெட்டை எறிந்துவிட்டு இன்னொரு தோளைப் பிடித்தார். தரையில் படுக்க வைத்து, காலடியில் தலையணைகளை அடுக்கினோம். முகம் வெளுத்து வேர்வையில் குளித்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. என் பையிலிருந்த மீட்டரை எடுத்துப் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். இத்தனை மாதமாக எது இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேனோ, அது பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. பாயின் மகள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

குமரேசன் தரையில் மண்டியிட்டு அப்பாவின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எங்கம்மா போன கையில புடிச்சிகினே வுழுந்து செத்துட்டாங்க மாலதி" என்றார். நான் இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது அது. எனக்குத் தெரியாது. "எங்க மாமா செத்துட்டாருன்னு எவனோ போன்ல பட்டுனு சொல்ட்டான். போன் கீழ தொங்கிகினு இருந்துச்சி. அவன் அந்தப் பக்கம் அலோ அலோன்னு கத்திகினு இருக்கான். நாதான் எடுத்து வச்சேன். அதான்மா. வேற எதுக்கும் இல்ல. அதான்."

நான் மறுபடி பட்டையை இறுக்கினேன். எண் கொஞ்சம் மேலே வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் கழித்துப் பார்த்தேன், இன்னும் வந்திருந்தது. உதடு அசைந்தது. கண்ணைத் திறந்து, காலடியில் அழுதுகொண்டிருந்த மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொமரேசா. அளுவாத. நா சும்மா தூங்கிட்டேன்." மூச்சு வாங்கினார். "பாய எங்க வச்சிகீறாங்கன்னு கேளு."

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அவர் ஸ்ட்ரெச்சரில் ஏற மறுத்தார். அந்தப் பிடிவாதத்தைப் பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் பள்ளிவாசல் ஓரம் வண்டி நிற்பதென்று ஒப்பந்தம். நான் வண்டிக்குள்ளேயே இருந்தேன். அடக்கம் செய்யும் கபரஸ்தான் கேட்டுக்குள் ஒரு பக்கம் பாயின் பேரனும் இன்னொரு பக்கம் குமரேசனும் தாங்கிப் பிடிக்க, அவர் மெதுவாக நடந்து போனது தெரிந்தது. ஒரு மண்மேட்டின் முன்னால் நின்றார்கள். நான் அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், மடங்கிவிடக் கூடாதே என்று. மடங்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவர் அழுவதைக் கேட்டேன். அத்தனை சாவுக்குப் போனவர், அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

டாக்டரம்மா பிரஷர் மாத்திரைகளைக் குறைத்து, மனச்சோர்வுக்கு ஒன்று கொடுத்தார். அதனால் ஒரே வாரத்தில் அவர் பழைய ஆளாகிவிட்டார் என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. சில நாள் சாப்பிட்டார், சில நாள் தட்டைத் தள்ளினார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலைகள் பிறகும் இருந்தன. "உள்ள ஏதோ ஓடாம நின்னுட்ட மாதிரி கீது பாப்பா" என்று ஒருநாள் அவராகவே சொன்னார். அவர் அதைச் சொன்னதே பெரிதாக இருந்தது எனக்கு. கட்டில் தெருப்பக்கம் திரும்பி வந்தது. குமரேசன் விடியற்காலையில் வரும்போது சுவரில் இருப்பதைப் படித்துவிட்டு வந்து, அப்பாவின் கட்டிலோரம் நின்று, தொண்டையைச் செருமி, யார் என்று சொல்வார். ஒவ்வொரு முறையும் குமரேசனின் முகம் பயத்தில் வெளிறும். எனக்கும் அப்படித்தான். பெரியப்பா சேதியைக் கேட்ட பிறகு நான் பட்டையைச் சுற்றுவேன். சில நாள் ஏறியிருக்கும். அந்த நாள் முழுக்க மருத்துவமனையில் போன் அடித்தால் எடுக்கப் பயந்துகொண்டே இருப்பேன். போக முடிந்த சாவுகளுக்கு ஆட்டோவில் குமரேசனே அவரைக் கூட்டிப் போனார்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. நினைவு திரும்பவே இல்லை. எங்கள் மருத்துவமனையில்தான் முடிந்தது. முந்தின நாள் அவர் ஒரு பழைய செக்கிங் இன்ஸ்பெக்டரின் சாவுக்குப் போய் வந்திருந்தார்.

வராந்தாவில் குமரேசன் என்னைக் கேட்டார். "எதையும் சொல்லாமலே வச்சிருந்தா, இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாராம்மா?"

"தெரியலண்ணா" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனை எடுத்தார். கருங்குழியில் அவருடைய அத்தை இருக்கிறார். பெரியப்பாவின் கூடப்பிறந்த தங்கை. எண்பதுக்கு மேல் வயது, பிரஷர், சர்க்கரை எல்லாம் உண்டு. போனை எடுத்தது அத்தை மகன். பதற்றத்தில் அவன் பேசுவது எனக்கே கேட்டது.

"மச்சான், அம்மாகிட்ட சொல்ல வாணாம். கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டு நாங்க மட்டும் வந்துடறோம்."

குமரேசன் போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அத்த மாத்தர போட்டாங்களா?"

"போட்டாங்க. அதுக்கு இன்னா இப்ப?"

"அவங்கள ஒக்கார வை. நீ பக்கத்துலயே இரு. தண்ணி எடுத்து வச்சிக்கோ. போன அவங்ககிட்ட குடு."

"மச்சான், வாணான்னு சொல்றேன்ல!"

"குடுடா."

அந்தப் பக்கம் ஏதோ உருண்டது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு மூச்சிரைக்கும் ஒரு வயதான குரல். குமரேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அத்த, கொமரேசன் பேசறேன். ஒக்காந்துகினு கீறியா? நைனா போயிட்டாரு அத்த. இப்பதான்."

ஒரு சத்தமும் இல்லை. நான் அவர் பக்கத்தில் நெருங்கி நின்று, போனில் காது வைக்காத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். குமரேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கண்ணன் கடைசியா எதனா சாப்டுச்சா?" என்று கேட்டது அந்தக் குரல்.

குமரேசன் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தார்.